மரத்தில் யூ-570: ஒரு தேதியிலிருந்து தொடங்குங்கள்

மரம் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் ஒரு தேதியை எழுதி, வேலை மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டுங்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிடம் சரணடைந்து, பிறகு ஹெச்.எம்.எஸ். கிராஃப் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போன ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யூ-570. அதை மாதிரியாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான். உளியும் இழைப்புளியும் அப்புறம்.

என் முதல் மாதிரியை இரண்டு ஆண்டு செதுக்கினேன். மும்பை சயானில் எங்கள் குடியிருப்பில் பிள்ளையார் சதுர்த்தி விழாவின்போது அதை எல்லோரும் பார்க்க வைத்தேன். மேல்தளத்தின் நடுவில் நிற்கும் கோபுரத்தில், சரணடைவதைக் காட்டும் வெள்ளைத் துணி கட்டியிருந்தேன். கீழே பலகையில் ‘ஹெச்.எம்.எஸ். கிராஃப்’ என்று எழுதியிருந்தேன். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். “வேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் இது எந்த நாள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வெள்ளைத் துணி பறந்த நாளில் அதற்கு கிராஃப் என்ற பெயர் கிடையாது. கிராஃப் என்று பெயர் வந்த பிறகு அதில் பறந்தது பிரிட்டிஷ் கடற்படையின் கொடி. எந்த நாளிலும் கடலில் இருந்திராத ஒரு கப்பலை நான் செய்திருந்தேன். அன்றிரவே பலகையைக் கழற்றினேன்.

நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா தோணி கட்டிய ஓடாவி. எனக்கு மும்பையில் வார்ப்பாலைகளுக்கு மர மாதிரி செய்யும் வேலை. பட்டறையில் பேட்டர்ன்காரர் என்பார்கள். நாங்கள் மரத்தில் செய்து கொடுப்பதை மணலில் பதித்து, அந்தக் குழியில் இரும்பை ஊற்றுவார்கள். ஜெர்மன் கப்பல் என்றால் எனக்குச் சின்ன வயதில் தெரிந்தது ‘எம்டன்’ மட்டும்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய போர்க்கப்பலின் பெயரை, வம்புக்காரப் பிள்ளைகளைத் திட்டுவதற்கு எங்கள் ஆச்சி வைத்திருந்தாள். பிறகு 1992-இல், ஜெர்மன் வடிவமைப்பில் இங்கே மசகானில் கட்டப்பட்ட ‘சால்கி’ நம் கடற்படையில் சேர்ந்த செய்தியைப் படித்தேன். அன்றிலிருந்து நீர்மூழ்கிகளின் உடல் வடிவம் என்னை விடவில்லை. முன்னால் வருகிறவன் பின்னால் பார்த்தால் வேறு ஆளாகத் தெரிவதுபோல், ஒவ்வொரு குறுக்கு வெட்டிலும் வடிவம் மாறிக்கொண்டே போகும் உடல் அது. மாதிரிக்காரனுக்கு அதைவிடச் சுவையான வேலை இல்லை.

இனி தேதிகள். நான்கு தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலாவது 1941 ஆகஸ்ட் 27. ஹாம்பர்க்கில் புளோம் அண்ட் ஃபாஸ் நிறுவனம் கட்டிய யூ-570, தன் முதல் போர்ப் பயணத்தில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே நீருக்கு மேலே எழுந்தது. எழுந்த இடத்துக்கு மேலேயே பிரிட்டிஷ் ஹட்சன் விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. 269-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த அந்த விமானத்தை ஓட்டியவர் தாம்சன். அவர் 250 பவுண்டு எடையுள்ள நான்கு ஆழ்கடல் குண்டுகளைப் போட்டார். உள்ளே விளக்குகள் அணைந்தன. பேட்டரியின் அமிலமும் கடல் நீரும் கலந்து குளோரின் வாயு கிளம்புகிறது என்ற அச்சம் பரவியது. புதிய மாலுமிகள், பழக்கமில்லாத கப்பல். கேப்டன் ராம்லோவ் வெள்ளைத் துணி காட்டச் சொன்னார். ஒரு விமானத்திடம் ஒரு நீர்மூழ்கி சரணடைந்தது. ரகசியச் சங்கேத இயந்திரத்தையும் தாள்களையும் மாலுமிகள் கடலில் எறிந்துவிட்டார்கள். முதல் பிரிட்டிஷ் இழுவலைப் படகு வந்து சேரும்வரை விமானங்கள் மாறி மாறி மேலே வட்டமிட்டுக் காவல் காத்தன. இந்த நாளைச் செய்ய விரும்பினால் முழு உடல் தேவையில்லை. நீர்மட்டத்தோடு அறுத்து, கொந்தளிக்கும் கடலில் வையுங்கள். கோபுரத்தில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டும்.

இரண்டாவது அதற்கடுத்த சில நாட்கள். கப்பலை இழுத்துப்போய் ஐஸ்லாந்தின் தொர்லாக்ஸ்ஹெப்ன் கரையில் மணலில் ஏற்றி நிறுத்தினார்கள். மணலும் சாய்வும் செய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

மூன்றாவது 1942 அக்டோபர் 21. இப்போது இது ஹெச்.எம்.எஸ். கிராஃப், எண் பி-715. இங்கிலாந்தின் பாரோ துறைமுகத்துக்குக் கொண்டுபோய், திருகு திருகாக ஆராய்ந்து, சீர்செய்து, பிரிட்டிஷ் மாலுமிகளை ஏற்றிப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிக ஆழத்துக்கு இறங்கக்கூடிய உடல் இது என்பது அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. எதிரியின் கப்பல் எவ்வளவு ஆழத்தில் ஒளியும் என்று தெரியாமல் குண்டு போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி என்று நினைத்துப் பாருங்கள். அந்த அக்டோபர் நாளில் பிஸ்கே விரிகுடாப் பக்கம் கிராஃப் இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கியான யூ-333-ஐக் கண்டு டார்பிடோக்களை ஏவியது. அதை மூழ்கடித்துவிட்டதாகவே கிராஃபில் இருந்தவர்கள் நம்பினார்கள். யூ-333 தப்பித்துவிட்டது. ஒரே நாட்டுத் தொழிலாளர்கள் கட்டிய இரண்டு கப்பல்கள் எதிரெதிரே நின்ற நாள். முதன்முறை செய்கிறவர்கள் இந்தத் தேதியை எடுங்கள். கப்பல் நல்ல நிலையில் இருக்கிறது, முழு உடலைத் தாங்கியில் வைக்கலாம்.

நான்காவது 1944 மார்ச் 20. இழுவைப் படகு இழுத்துச் சென்றபோது கயிறு அறுந்து, ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் மேற்குக் கரைப் பாறைகளில் கிராஃப் மோதிக் கிடந்த நாள்.

இந்தக் கப்பலின் கதையில் ஒரு மரணமும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் உளியை எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். துணை அதிகாரி பெர்ன்ட், கிரைஸ்டேல் மாளிகை என்ற போர்க்கைதி முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். கப்பலை ஒப்படைத்ததற்காகச் சக கைதிகளே அவரைக் குற்றவாளியாக்கினார்கள். பாரோவில் நிற்கும் கப்பலை எப்படியாவது மூழ்கடித்துப் பழியைத் துடைப்பது என்று முகாமிலிருந்து வெளியேறியவர், காவலர்களின் துப்பாக்கிக்குப் பலியானார். கப்பல் புதிய கொடியின் கீழ்க் கடலுக்குப் போனது. ஆகவே இதை வெற்றிக் கோப்பையாகவும் செய்யாதீர்கள், விளையாட்டுச் சாமானாகவும் செய்யாதீர்கள்.

அளவு 1:100. இதைவிடச் சௌகரியமான அளவு கிடையாது. கப்பலின் ஒரு மீட்டர் மரத்தில் ஒரு சென்டிமீட்டர். நிஜ நீளம் 67.1 மீட்டர், ஆகவே மாதிரி 67.1 செ.மீ. அகலம் 6.2 செ.மீ. ஏராவின், அதாவது கப்பலின் அடிமரத்தின், அடியிலிருந்து கோபுர உச்சி வரை 9.6 செ.மீ. நீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதி ஏறத்தாழ 4.7 செ.மீ. என்னைப்போல் வார்ப்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதற்காகச் சற்றே பெரிதாகக் கோடு போட்டு நாம் வைத்திருக்கும் சுருக்க அளவுகோலை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். பழக்கத்தில் கை அதைத்தான் எடுக்கும். என் இரண்டாவது உடல் அப்படித்தான் 67.8 செ.மீ. வந்தது.

உடலின் வடிவத்துக்கு நல்ல சாட்சி ஜெர்மனியில் கீல் நகருக்கு அருகே லபோ கடற்கரையில் நிற்கிறது. அது யூ-995. அதே புளோம் அண்ட் ஃபாஸ் கட்டியது. போர் முடிந்தபோது நார்வேயில் இருந்தது. நார்வே கடற்படை அதைச் சேர்த்துக்கொண்டு ‘கௌரா’ என்று பெயரிட்டு 1960-கள் வரை பயன்படுத்தியது. 1972 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்த படங்கள் ஏராளம். உடலுக்கு அதைப் பாருங்கள். கோபுரத்துக்குப் பார்க்காதீர்கள். அது போரின் பிற்பகுதிக் கோபுரம், பீரங்கி மேடைகள் பெருத்துவிட்டன. அணியமும், அதாவது முன்முனையும், சற்று நீளம். நிஜத்தில் 13 செ.மீ. வித்தியாசம், மாதிரியில் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர். அந்த ஒன்றேகாலையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கிராஃபின் படங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கின்றன. கோபுரம், பீரங்கி, கொடிமரம் எல்லாவற்றுக்கும் உங்கள் தேதிக்கு நெருக்கமான படம்தான் நீதிபதி.

மரத்துக்கு ரே ரோடு மரக்கடைகளுக்குப் போங்கள். தேக்கு வேண்டாம். கனம், செலவு, செதுக்கும்போது நாரும் கிளம்பும். குமிழ் மரம் கேளுங்கள். இங்கே மராத்தியில் சிவண் என்றால்தான் தெரியும். லேசாக இருக்கும், உளிக்குப் பணியும், காய்ந்த பிறகு முறுக்காது. 70 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. கனத்தில் இரண்டு பலகைகள் போதும். வாங்கியதும் வேலையைத் தொடங்காதீர்கள். வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் மூன்று வாரமாவது கிடக்கட்டும். இந்த ஊரின் மழைக்காலத்தில் மரம் செதுக்குவது வீண்வேலை. ஜூனில் செதுக்கிய வளைவு நவம்பரில் வேறு வளைவாக இருக்கும். தசரா முடிந்து தொடங்கினால் ஏப்ரலுக்குள் வண்ணம் பூசிவிடலாம். சில்லறைக் கருவிகளுக்கு நாக்தேவி தெரு.

இப்போது எங்கள் தொழிலின் பழைய தந்திரம். இரண்டு பலகைகளையும் நேரடியாக ஒட்டக் கூடாது. நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்து, இரு பக்கமும் ஃபெவிக்கால் தடவி, கவ்விகளில் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். இரண்டு பயன்கள். ஒட்டிய கோடு கப்பலின் நட்டநடுக் கோடாகவே நிற்கும், செதுக்கி முடியும்வரை அழியாது. வேலை முடிந்ததும் மெல்லிய உளியை அந்தக் கோட்டில் வைத்து ஒரு தட்டு தட்டினால், தாள் கிழிந்து உடல் இரண்டாகப் பிளந்துகொள்ளும். அப்போது உள்ளே தாங்கிக்கான நட்டுகளைப் பதிக்கலாம், குடைந்து கனத்தையும் குறைக்கலாம். பிறகு தாளைச் சுரண்டிவிட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளலாம். வார்ப்பாலையில் இரண்டாகப் பிரியும் மாதிரிகளை இப்படித்தான் செய்தோம்.

பக்கத் தோற்றத்தைப் பலகையின் பக்கத்தில் வரைந்து ரம்பத்தால் அறுங்கள். மேல் தோற்றத்தை மேலே வரைந்து அறுங்கள். இப்போது கையில் இருப்பது மூலைகள் கொண்ட முரட்டுக் கட்டை. இதை உருட்டுவதுதான் உண்மையான வேலை, அவசரப்படாதீர்கள். நீளத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் குறுக்கு வெட்டின் வெளி வளைவைக் காட்டும் அச்சு ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு நான் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் பயன்படுத்துகிறேன். கத்தரிக்குப் படியும், ஈரத்தில் ஊறாது, விளிம்பு நசுங்காது. அச்சை உடலில் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே மரம் குறைவு. எங்கே அச்சு உட்கார மறுக்கிறதோ அங்கே மரம் அதிகம். கண்ணை நம்பாதீர்கள், வெளிச்சத்தை நம்புங்கள். நடு உடலில் குறுக்கு வெட்டு கிட்டத்தட்ட வட்டம். அதற்குள்தான் அழுத்தத்தைத் தாங்கும் உருளை இருக்கிறது. நிஜத்தில் 50.5 மீட்டர் நீளமும் 4.7 மீட்டர் விட்டமும் கொண்ட அந்த உருளைக்குள்தான் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். அணியத்தை நோக்கிப் போகப்போக வட்டம் ஒடுங்கி, கத்திபோல் நிற்க வேண்டும். பின்முனையில் மேலே தட்டையாக விரிந்து, கீழே மெலியும். பின்முனையில் நான் ஆறு வாரம் செலவழித்தேன்.

இரு பக்கமும் புடைத்திருக்கும் தொட்டிகளை உடலோடு சேர்த்துச் செதுக்க முயலாதீர்கள். எருமையின் முதுகில் இரு பக்கமும் தொங்கவிட்ட பொதிபோல் அவை தனியே தெரிய வேண்டும். தனித்தனியாகச் செய்து, உட்புறத்தை உடலின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து ஒட்டுங்கள். இடுக்கில் எம்-சீல் வைத்து விரலை நனைத்து வழித்தால் சேர்ந்துவிடும். பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாளில் 120-இல் தொடங்கி 400 வரை போங்கள்.

அடுத்தது, பலரும் கோட்டை விடும் இடம். மேல்தளத்துக்கும் உடலுக்கும் இடையிலான பக்கச் சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கப்பல் மூழ்கும்போது தண்ணீர் உள்ளே புகுவதற்கும் எழும்போது வடிவதற்கும் அவை. அந்த வரிசை கப்பல் கட்டிய தளத்துக்குத் தளம் மாறும். ஒரு படத்தைப் பார்த்தவுடன் எந்தத் தளத்தில் கட்டியது என்று சொல்பவர்கள் இந்தத் துளைகளைத்தான் பார்க்கிறார்கள். கிராஃப் எத்தனை கொடி மாறினாலும் அதன் பக்கத்தில் இருப்பது ஹாம்பர்க் கைவேலை. இதைக் கறுப்பு மையால் புள்ளி வைத்து முடித்துவிடாதீர்கள். உடலின் அந்தப் பகுதியை முதலில் கறுப்பாக்குங்கள். கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் துளைகளை வெட்டி, அந்தக் கீற்றை மேலே ஒட்டுங்கள். நிழல் உண்மையாகவே உள்ளே விழும். கூர்மையான புதிய பிளேடு ஒவ்வொரு இருபது துளைக்கும் ஒன்று வேண்டியிருக்கும்.

மேல்தளம் மெல்லிய வெனீர். ஊசியால் நீளவாக்கில் கோடு கீறிப் பலகைகளைக் காட்டுங்கள். கோபுரம் ஒரு மரத்துண்டு, சுற்றிலும் அட்டை. அதன் பாதி உயரத்தில் அலையைத் திருப்பும் விளிம்பு ஒன்று ஓடும், அதை மறக்காதீர்கள். பின்னால் விமான எதிர்ப்புத் துப்பாக்கி நிற்கும் மேடைக்குப் பித்தளைக் கம்பியில் கைப்பிடி. 88 மி.மீ. பீரங்கியின் குழல் மாதிரியில் சுமார் 4 செ.மீ. வரும். பீரங்கியை ஒட்டிவிடாமல் ஆணியில் செருகும்படி செய்யுங்கள், தேதி மாறினால் எடுத்துவிடலாம். கோபுரத்திலிருந்து முன்னும் பின்னும் ஓடும் கம்பிக்குப் பூக்கட்டும் நூலைப் பயன்படுத்துகிறார்கள். வேண்டாம். நூலில் இருக்கும் ரோமம் இந்த அளவில் கயிறுபோல் தெரியும், ஈரத்தில் தொய்யும். மாட்டுங்காவில் வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் அறுந்த தந்திகளை எனக்காக எடுத்து வைக்கிறார். மெல்லிய எஃகுத் தந்தி இழுத்த இழுப்பில் நிற்கும்.

பின்னால் இரண்டு சுழலிகள், மூன்று இதழ்கள் கொண்டவை. அவற்றுக்குப் பின்னால் இரண்டு சுக்கான்கள். சோர் பஜாரில் பழைய கதவுத் தகடுகள் கிடைக்கும், அந்தப் பித்தளையில் வெட்டி, இதழை இடுக்கியால் முறுக்கிச் சுழலி செய்யலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் முறுக்கியிருக்க வேண்டும். அணியத்தில் நான்கு டார்பிடோக் குழாய்கள், பின்முனையில் ஒன்று. கதவுகளை ஊசிக்கோட்டால் காட்டினால் போதும்.

வண்ணம் பூசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது, எது வெளிர், எது அடர் என்பதை மட்டும் சொல்லும். ஜெர்மன் கையில் இருந்த நாளுக்கு நீர்மட்டத்துக்கு மேல் வெளிர் சாம்பல், கீழே அடர் சாம்பல், மரத்தளம் ஏறக்குறையக் கறுப்பு. கிராஃப் நாளுக்குப் படத்தில் தெரியும் வெளிர்-அடர் வித்தியாசத்தைப் பின்பற்றுங்கள். பளபளப்பு எங்கேயும் கூடாது.

கடைசியில் கொடி. எதிர்வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் இந்த ஆண்டு 1941 ஆகஸ்ட் 27-ஐத் தேர்ந்தெடுத்துச் செய்துகொண்டிருக்கிறாள். ஆட்களை எல்லாம் கோபுரத்தில் நிறுத்திவிட்டுப் போன வாரம் வந்தாள். “தாத்தா, வெள்ளைத் துணிக்கு உங்கள் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கொடுப்பீர்களா?” என்று கேட்டாள். வேட்டி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதன் இழை நூறு மடங்கு பெரிது, மீன்பிடி வலை மாதிரித் தெரியும் என்றேன். சட்டைப் பெட்டிக்குள் மடித்து வரும் மெல்லிய தாள்தான் சரி. இரண்டு செ.மீ. வெட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்து, காற்றில் துடிப்பதுபோல் விரலால் மடித்துக் காயவிட வேண்டும்.

“கிராஃப் நாளுக்கு?” என்றாள்.

அதற்கும் அதே தாள்தான். பிரிட்டிஷ் கடற்படையின் கொடியும் வெள்ளைதான். நடுவில் சிவப்புச் சிலுவை, கொடிமரத்தை ஒட்டிய மேல்மூலையில் அந்த நாட்டுக் கொடி. தாளை மடிப்பதற்கு முன்பே இருபுறமும் வரைந்துவிட வேண்டும், காய்ந்த பிறகு தூரிகை பட்டால் மடிப்பு உடையும். நாங்கள் இரண்டையும் வெட்டி எடுத்து, ஒன்றை அவள் கப்பலுக்கு வைத்தோம். இன்னொன்றைத் தேதி எழுதிய தாளோடு ஒரு உறையில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.